தகுதியுள்ள எழுத்தாளர் தேவை

அத்தியாயம் 6

செத்தவனின் எண்ணை குபாத் அழுத்தினான். மணி அடித்தது.

அடித்திருக்கக் கூடாது. திலெக் என்ற அந்த மனிதன், சட்டைப்பையில் இருந்த போனோடு சேர்த்து, இசிக்-குல் ஏரியின் அடியில் கிடக்கிறான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, உள்ளூர்ப் போலீஸ் கோப்பை மூடிவிட்டது.

"எஜே, அடிக்குது" என்றான் குபாத். அந்த நாட்டில் அக்கா என்பதற்கு எஜே, அண்ணன் என்பதற்குப் பைக்கே.

"ஸ்பீக்கர்ல போடு." புருல் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வலப்பக்கம் ஏரி கூடவே வந்துகொண்டிருந்தது. நவம்பர் மாதத்தில் அதற்கு நிறமே கிடையாது.

யாரோ எடுத்தார்கள். பேச்சு இல்லை. மூச்சு மட்டும். மூச்சுக்குப் பின்னால் இன்னொரு சத்தம், பொடிப்பொடியாக, விடாமல், தகரத்தில் மழை விழுவதுபோல.

"திலெக் பைக்கே?"

மூச்சு ஒரு கணம் நின்றது. குபாத் தன்னையறியாமல் இணைப்பைத் துண்டித்துவிட்டான்.

"ஏன்டா வச்சே?"

"நான் வைக்கல எஜே. விரல் வச்சுது. தண்ணிச் சத்தம் கேட்டுச்சுல்ல? ஏரிக்குள்ள டவர் நல்லாக் கிடைக்கும்போல. என் வீட்டு மொட்டைமாடியிலயே ரெண்டு கோடுதான்."

"உளறாதே."

"பயத்துல உளறுறேன். தைரியம் வந்ததும் நிறுத்திடுவேன்."

புருல் முன்பு பிஷ்கெக் நகரப் போலீஸில் புலனாய்வு அதிகாரி. கேட்கக் கூடாத இடத்தில் கேள்வி கேட்டு வேலையை இழந்தவள். இப்போது அதே கேள்விகளைக் கூலிக்குக் கேட்கிறாள். அவளுக்கு உதவியாளனான குபாத் இதழியல் கல்லூரியிலிருந்து துரத்தப்பட்டவன். பரீட்சையில், வாழ்நாளில் பார்த்திராத ஒரு மந்திரியின் பேட்டியைக் கேள்வி பதிலோடு எழுதிவைத்தான். பேட்டி நன்றாக இருந்ததுதான் தன் குற்றம் என்று இன்றுவரை சொல்லிக்கொள்கிறான்.

நேற்று அவர்களைத் தேடி வந்தவள் திலெக்கின் மனைவி பெகிமாய். பாலிக்சி ஊர்க்காரி. மஞ்சள் தலைத்துணி கட்டியிருந்தாள். கணவன் போன பெண் கட்டுகிற நிறமில்லை அது.

"நாளன்னைக்குக் காலையில என் கொழுந்தனுங்க முற்றத்துல துக்கக் கூடாரம் போடுறாங்க. போட்டுட்டா நான் கறுப்பு உடுத்தி, உள்ள சுவரைப் பார்த்து உக்காந்து ஒப்பாரி வைக்கணும். செத்தாரான்னே தெரியாம எப்படி அழுறது? நான் அழுதா அவரைக் கொன்னது நானாயிடும். இருக்காரா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

அவள் கொண்டுவந்த ஒரே தடயம் ஆக்-கூ சானடோரியம் என்ற ஏரிக்கரை ஆரோக்கிய விடுதியின் செய்திக் குறிப்பு. சனிக்கிழமைப் புயலில், சானடோரியத்தின் படகில் மீன்பிடிக்கப் போன, விடுதியிலேயே தங்கி வேலை பார்த்த தங்கள் எழுத்தர் திலெக் மூழ்கிவிட்டார், படகு கவிழ்ந்து கரை ஒதுங்கியது, உடல் கிடைக்கவில்லை. நடுவில் ஒரு வரி: 'ஏரி அவரை அழைத்துக்கொண்டது, அமைதியோடு ஏற்கிறேன் என்று அவர் மனைவி கூறினார்.' பெகிமாய் அப்படி எதுவும் கூறவில்லை. கடைசியில்: 'மேலும் விவரங்களுக்குத் தொடர்புகொள்ளவும்: திலெக்.' கீழே அவன் எண்.

"இது எங்க தொழில்ல சகஜம் எஜே" என்றான் குபாத் காரில். " போன தடவை எழுதினதை எடுப்பாங்க, தலையை மாத்துவாங்க, வாலை மறந்துடுவாங்க. இவங்களோட குறிப்பு எல்லாத்தையும் இத்தனை நாள் திலெக்தான் எழுதினான். அதான் அவன் சாவுக்கு அவனே விவரம் சொல்ல வேண்டியதாப் போச்சு."

"மறந்தவங்க போனை ஏன் எடுக்குறாங்க?"

குபாத் மடியில் விரித்து வைத்திருந்த உள்ளூர்ப் பத்திரிகையை மறுபடி பார்த்தான். அதே சானடோரியத்தின் விளம்பரம்: 'ஒரு செய்திக் குறிப்பு எழுதத் தகுதியுள்ள எழுத்தாளர் தேவை. நேரில் வரவும்.'

"முந்தின எழுத்தாளர் தண்ணியில போயிட்டாரு, அடுத்தவர் வரலாம்னு அர்த்தம்" என்றான். "எனக்கு நீச்சல் தெரியாது எஜே. வேலையில சேர்றதுக்கு முன்னாடியே சொல்லிடுறேன்."

சானடோரிய வாசலில் இருந்த சிமெண்ட் அன்னத்துக்கு மூக்கு உடைந்திருந்தது. கோடையில் ஆயிரம் பேர் செருப்புச் சத்தத்தோடு நடக்கும் நடைபாதையில் இப்போது காய்ந்த பாப்லர் இலைகள் மட்டும் உரசிக்கொண்டு நகர்ந்தன. அடுக்கடுக்கான ஜன்னல்கள், எதிலும் விளக்கில்லை. ஏதோ ஒரு மாடியில் கதவு ஒன்று அடித்துக்கொண்டே இருந்தது. இத்தனை நாளில் அதைச் சாத்த ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதுதான் குபாத்துக்குப் பிடிக்கவில்லை.

உரிமையாளர் சகின்பெக் வரவேற்பு அறையிலேயே உட்கார்ந்திருந்தான். தோல் சட்டை, மழித்த முகம், கண்ணுக்குக் கீழே இரண்டு கருவளையம்.

"இது யாரு?" என்று புருலைக் காட்டினான்.

"என் எஜே. நான் எங்க போனாலும் ஏமாந்துடுவேன்னு கூடவே வருவாங்க."

"டிப்ளோமா?"

"இருக்கு பைக்கே. வீட்டுச் சுவத்துல மாட்டியிருக்கு. கழட்டினா சுவர் விழுந்துடும்."

சகின்பெக் சிரிக்கவில்லை. "இதுக்கு முன்னாடி என்ன எழுதியிருக்கே?"

"பேக்கரி திறப்பு விழா. ஆட்டுச் சந்தை. ஒரு பல் டாக்டருக்கு ரொம்ப நாள் எழுதினேன். அவரு பிடுங்காத பல்லையெல்லாம் நான்தான் பிடுங்கினேன்."

"உண்மையை எழுதுவியா, சொன்னதை எழுதுவியா?"

"சொன்னதுதான் பைக்கே உண்மை. எங்க தொழில்ல வேற உண்மை கிடையாது."

"நல்லது." முதல் முறையாக அவன் தோள்கள் தளர்ந்தன. "எழுதிக்க. வசந்த காலத்துல புதுசாத் திறக்குறோம். பழைய சேற்றுக் குளியல் கூடத்தை மூடுறோம். கான்கிரீட் போட்டு பில்லியர்ட்ஸ் ஹால். மறைந்த திலெக் பேருல வருஷா வருஷம் போட்டி. அதுக்கு அவன் பொண்டாட்டி நன்றி சொன்ன மாதிரி ரெண்டு வரி."

"அவங்க சொன்னாங்களா?"

"நீதானே எழுத்தாளன்?"

புருல் சுவரில் மாட்டியிருந்த பழைய படங்களைப் பார்த்தபடி கேட்டாள். "சேத்துக்காகத்தானே மாஸ்கோவுலேருந்தெல்லாம் இங்க வந்தாங்க. இந்த இடத்துக்குப் பேர் வந்ததே அதுனாலதான். அதைப் போய் ஏன் மூடுறீங்க?"

"வேலைக்கு வந்தது தம்பியா, அக்காவா?"

"அவன்தான். நான் துணைக்கு."

வெளியே லாரி ஹாரன் அடித்தது. சகின்பெக் துள்ளி எழுந்தான். "கான்கிரீட் வந்துடுச்சு. நான் வழி காட்டிட்டு வர்றேன். அதுக்குள்ள ஒரு பக்கம் எழுதி வை." கதவருகே நின்று உள்பக்கமாகக் குரல் கொடுத்தான். "கலிபா! டீ!"

அடுக்களைக் கதவு திறந்தது. உள்ளேயிருந்து அந்தச் சத்தம் வந்தது.

பொடிப்பொடியாக. விடாமல்.

குபாத்தின் கையில் பேனா நின்றது. தண்ணீர் இல்லை. ஏரி இல்லை. கொதிக்கிற எண்ணெயில் மாவு விழும் சத்தம். கூடவே மணம் வந்தது. பொரித்த ரொட்டி மணம், அந்த நாட்டில் பிறந்த எவனுக்கும் சொல்லித்தர வேண்டாதது. செத்தவர்களுக்குப் பசிக்கும், அவர்களால் சாப்பிட முடியாது, மணத்தை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். கனவில் வந்து நின்றால் அடுத்த வெள்ளிக்கிழமை எண்ணெய் காய்ச்சி மணம் எழுப்பிவிட வேண்டும். இல்லையென்றால் மறுபடி வந்து நிற்பார்கள்.

இன்று வெள்ளிக்கிழமை.

சகின்பெக்கின் அக்கா கலிபா தட்டோடு வந்தாள். இந்தக் கட்டடத்தை நடத்துவதெல்லாம் அவள்தான் என்று பெகிமாய் சொல்லியிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். கையில் புதிதாக ஒரு எண்ணெய்க் கொப்புளம். தட்டில் ஏழு ரொட்டிகள். தேநீரை வைத்தாள். போகவில்லை. கைகளை ஏப்ரனுக்குள் விட்டுக்கொண்டு குபாத்தின் வெற்றுத் தாளையே பார்த்து நின்றாள்.

"எழுதலையா?"

"எதுவும் தெரியாம எப்படி எஜே எழுதுறது?"

"முன்னாடி வந்தவங்க தெரியாமத்தான் எழுதினாங்க." அவள் குரலில் ஏளனம் இல்லை, களைப்பு இருந்தது. "என்ன தெரியணும்?"

குபாத் புருலைப் பார்த்தான். அவள் இன்னும் படங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் முதுகு கேட்டுக்கொண்டிருந்தது.

"சின்ன விஷயம் ஏதாவது. படிக்கிறவங்க மனசுல நிக்கிற மாதிரி" என்றான். "இந்த ரொட்டி திலெக்குக்கா?"

"ஆமா."

"முதல் தடவை எப்போ பொரிச்சீங்க?"

"அவன் போன அன்னைக்கே. சாயங்காலம்." கலிபா ஒவ்வொரு வார்த்தையையும் மேஜைமேல் எடுத்து வைப்பதுபோலப் பேசினாள். "வாசல்ல அடுப்பு மூட்டிப் பொரிச்சேன். இலை அசையல. புகை நேரா நூல் மாதிரி மேல போச்சு. மணம் கரையிலேயே நின்னுச்சு. அவனுக்குக் கண்டிப்பாக் கிடைச்சிருக்கும்."

குபாத் எழுதத் தொடங்கினான். 'இலை அசையவில்லை' என்று எழுதியதும் நிறுத்தினான். எழுதியதைத் திரும்பப் படித்தான்.

"எஜே, புயல்லதானே படகு கவிழ்ந்துச்சு?"

"அப்படித்தான் அந்தக் குறிப்புல இருக்கு."

"சனிக்கிழமை எங்க ஊருலயே கூரைத்தகடு பறந்துச்சு. அந்தக் காத்துல வாசல்ல அடுப்பு எரியாது. புகை நேரா போகாது." வாய் வழக்கம்போல ஒரு வேடிக்கையைத் தேடியது. கிடைக்கவில்லை. "ரொட்டி பொரிக்கிற கிழமைன்னா, நீங்க பொரிச்சது புயலுக்கு முந்தின நாள். வெள்ளிக்கிழமை. புயல் வர்றதுக்கு முன்னாடியே அவர் செத்தது உங்களுக்குத் தெரியும்."

கலிபா மறுக்கவில்லை. மூச்சை விட்டாள். அந்த மூச்சை அவன் ஏற்கெனவே கேட்டிருக்கிறான்.

புருல் திரும்பாமலே தன் போனில் ஓர் எண்ணை அழுத்தினாள். கலிபாவின் ஏப்ரனுக்குள் மணி அடித்தது.

"சார்ஜ் போடாம விட்டா செத்துடும்" என்றாள் கலிபா, போனை வெளியே எடுத்தபடி. "அதான் போட்டுக்கிட்டே இருக்கேன். பத்திரிகைக்காரங்க கூப்பிட்டாங்க, ரேடியோவுலேருந்து கூப்பிட்டாங்க. எல்லாத்தையும் எடுக்குறேன். 'திலெக்கா'ன்னு கேக்குறாங்க, பயந்து வச்சுடுறாங்க. 'நீ யாரு, இந்தப் போன் உன்கிட்ட எப்படி வந்துச்சு'ன்னு ஒருத்தரும் கேக்கல."

குபாத்துக்குக் காது சூடானது. வைத்தவர்களில் அவனும் ஒருவன்.

"நான் கேக்குறேன்" என்றாள் புருல். "திலெக் எங்கே?"

"சேத்துல. கூடத்துக்குள்ள, கடைசித் தொட்டியில."

பிறகு கேட்கக் கேட்கச் சொன்னாள். கேட்காததைச் சொல்லவில்லை. செப்டம்பரில் கொதிகலன் வெடித்தது. துணி துவைக்கும் ஒரோஸ்குல் வெந்து செத்தாள். வெளியே தெரிந்தால் உரிமம் போய்விடும். யாருக்கும் காயமில்லை என்று குறிப்பு எழுதித் தரச் சொன்னான் சகின்பெக். திலெக் ஒரோஸ்குல்லின் பெயரைப் போட்டு எழுதிக்கொண்டு வந்தான். பெயரை எடு என்றான் இவன். எடுக்க மாட்டேன் என்றான் அவன். அடுப்புக் கம்பி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மறுநாள் புயல் வந்ததும் படகைத் தள்ளிவிட்டார்கள். கதை தானாகக் கிடைத்துவிட்டது.

"லாரி!" என்றாள் புருல்.

ஓடினார்கள். சேற்றுக் கூடம் தோட்டத்தின் கோடியில் இருந்தது. அதன் பக்கக் கதவைக் கழற்றி எடுத்திருந்தார்கள். லாரியின் பின்புறம் உள்ளே நீட்டிக்கொண்டிருக்க, உருளை சுற்றிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் கான்கிரீட் இறங்கும் தகட்டைக் கடைசித் தொட்டியின் மேல் திருப்பிக்கொண்டிருந்தார். மற்ற தொட்டிகளில் சேறு வறண்டு பாளம் பாளமாக வெடித்திருந்தது. கடைசித் தொட்டியில் மட்டும் வெடிப்பே இல்லை, யாரோ மண்வெட்டியால் தடவிச் சமன் செய்ததுபோல வழவழவென்று இருந்தது. நடுவில் லேசாகப் பள்ளம் விழுந்திருந்தது. ஆள் நீளத்துக்கு.

புருல் தகட்டுக்குக் கீழே போய், தொட்டி விளிம்பில் நின்றுகொண்டாள். "வண்டியை அணைங்க."

"ஏய், யாரு நீ?" சகின்பெக் பாய்ந்து வந்தான். குபாத்தைப் பார்த்து நின்றான். "யாருடா நீ?"

"நீங்க தேடின ஆளு பைக்கே" என்றான் குபாத்.

"ஊத்துய்யா!" என்று ஓட்டுநரைப் பார்த்துக் கத்தினான் சகின்பெக். "அந்தப் பொம்பளை தானா நகருவா!"

ஓட்டுநர் புருலைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். கையைக் கருவியிலிருந்து எடுக்கவும் இல்லை, அழுத்தவும் இல்லை.

அப்போது கலிபா வந்து சேர்ந்தாள். ஓடி வரவில்லை, நடந்து வந்தாள். ஒரு ரொட்டியை இரண்டு கையாலும் ஏந்தியிருந்தாள். தொட்டியின் விளிம்பில் அதை வைத்தாள்.

"இவனுக்குத்தான் இது" என்றாள் ஓட்டுநரிடம். "உள்ள இருக்கான்."

ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார். உருளை நின்றது. கூடத்தில் திடீரென்று மாடிக் கதவு அடிக்கும் சத்தம் கேட்டது.

"ரொட்டிமேல கை வச்சுச் சத்தியம் பண்ணியே!" சகின்பெக்கின் குரல் பிளந்தது. "என் வாயால வராதுன்னியே! ரொட்டி உன்னைச் சும்மா விடுமா?"

"நானாப் போய் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னுதான் சத்தியம் பண்ணேன். கேட்டா பொய் சொல்றேன்னு பண்ணல." கலிபா தம்பியைப் பார்க்கவில்லை. சேற்றைத்தான் பார்த்தாள். "யாராவது வந்து கேப்பாங்கன்னு உக்காந்திருந்தேன். போலீஸ் வந்துச்சு, டீ குடிச்சுது, போயிடுச்சு. குறிப்புல அவன் நம்பரை மாத்தாம விட்டது மறதின்னு நினைச்சியா? விளம்பரத்துல எழுத்தாளர் தேவைன்னுதான் நீ சொன்னே. தகுதியுள்ளன்னு சேர்த்தது நான். ரெண்டு பேர் வந்தாங்க. ரெண்டு பேரும் நீ சொன்னதைச் சொன்னபடி எழுதினாங்க. நல்லாத்தான் எழுதினாங்க. ஒண்ணுமே கேக்கல. சரியில்லைன்னு நான்தான் அனுப்பிவிட்டேன். இவன் கேட்டான்."

குபாத் இதுவரை நேர்காணலில் ஜெயித்தது கிடையாது. தன்னை யார் நேர்காணல் செய்தார்கள் என்பதே அவனுக்கு இப்போதுதான் விளங்கியது.

சகின்பெக் ஓடவில்லை. எங்கே ஓடுவது? ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் மலை. கவிழ்த்துப் போட்ட வாளி ஒன்றின்மேல் உட்கார்ந்தான். "ராத்திரியானா கூடத்துல யாரோ நடக்குறாங்க" என்றான், யாரிடமும் இல்லாமல். "கான்கிரீட் போட்டா நின்னுடும்னு நினைச்சேன்."

உள்ளூர் நிலையத்தை விட்டுவிட்டு, நகரத்தில் தனக்கு இன்னும் மரியாதை மிச்சமிருந்த ஒரே அதிகாரியை புருல் அழைத்தாள். அவருடைய ஆட்கள் வந்து சேற்றை அகற்றும்வரை குபாத் அங்கேயே நின்றான். முதலில் சட்டைக் கை தெரிந்தது. பிறகு அவன் பார்க்கவில்லை.

பாலிக்சிக்குத் திரும்பும்போது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. பெகிமாய் வீட்டு முற்றத்தில் கூடாரத்தின் மரச்சட்டங்களும் சுருட்டிய கம்பளிகளும் இறக்கிக் கிடந்தன. கொழுந்தன்மார் மூன்று பேர் புகைத்துக்கொண்டு நின்றார்கள். அவள் வாசற்படியில் நின்றாள். அதே மஞ்சள் துணி.

"நீ சொல்லு" என்றாள் புருல்.

"நானா?"

"வேலை உனக்குத்தானே கிடைச்சுது."

சாவை நேராகச் சொல்வது அந்த மக்களிடம் வழக்கமில்லை. தொலைவிலிருந்து தொடங்க வேண்டும். பறவை, இலையுதிர் காலம், கயிறறுத்துக்கொண்டு போன குதிரை, அப்படிச் சுற்றி வந்து கடைசியில் ஆளைத் தொட வேண்டும். வழியெல்லாம் குபாத் அதைத்தான் மனதுக்குள் கோத்துக்கொண்டு வந்தான். நன்றாகவே வந்திருந்தது.

"எஜே, ஏரியில இருந்து நாரைங்க கிளம்புற காலம்..." என்று தொடங்கினான்.

"சுத்தாதே தம்பி" என்றாள் பெகிமாய். "இருக்காரா, இல்லையா?"

"இல்ல எஜே."

"ஏரியிலயா?"

"ஏரியில இல்ல. சகின்பெக் அடிச்சுட்டான். வெள்ளிக்கிழமையே. செத்துப்போன ஒரு பொம்பளை பேரை எடுக்கச் சொன்னான், இவரு எடுக்கல. உடம்பு கிடைச்சிடுச்சு. நாளைக்குக் கொண்டுவந்துடுவாங்க."

அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. மஞ்சள் துணியை அவிழ்த்து, மடித்து, மறுபடி மடித்து, வைக்க இடம் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். மூத்த கொழுந்தன் சிகரெட்டை மிதித்து அணைத்துவிட்டு ஒரு சட்டத்தைத் தூக்கினான். மற்ற இருவரும் தூக்கினார்கள்.

"பேப்பர் இருக்கா?" என்றாள் பெகிமாய்.

குபாத் எடுத்தான்.

"போன தடவை நான் சொல்லாததை எழுதினாங்க. இப்போ சொல்றேன், எழுது. பத்திரிகைக்கு அனுப்பு." சொன்னாள். நாலே வரி. ஒரு சொல்லைக்கூட அழகாக்காமல் எழுதியதாக குபாத் நினைத்தான். வாழ்க்கையில் முதல் முறை.

"படி."

படித்தான். "என் கணவர் திலெக், ஆக்-கூ சானடோரியத்தில், வெள்ளிக்கிழமை அன்று மறைந்..."

"அப்படியா சொன்னேன்?"

அவன் நின்றான். கை பழக்கத்தில் எழுதிவிட்டிருந்தது.

மூத்த கொழுந்தன் சட்டத்தைத் தோளில் வைத்தபடியே திரும்பினான். "விடும்மா. ஊர் படிக்கும். மறைந்தார்னே இருக்கட்டும். அதுதான் மரியாதை."

"அடி" என்றாள் பெகிமாய் குபாத்திடம். "அதை அடிச்சுட்டு, கொன்னாங்கன்னு போடு."

அவன் அடித்தான். தாள் கிழிந்தது. கிழிசலுக்குப் பக்கத்தில் அவள் சொன்னதை எழுதினான். அவள் வாங்கி, விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, எழுத்தெழுத்தாகப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்தாள். பிறகு முற்றத்தில் இறங்கி, கூடாரத்தின் வாசல் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று கொழுந்தன்மாருக்குக் கையால் காட்டினாள்.